பட்டாசுக்குப் போகாத பக்கங்கள்

தீபாவளிக்கு மறுநாள் காலையில் தெருவில் குவிந்து கிடக்கும் வெடித்தாளைக் குனிந்து பார்த்திருக்கிறீர்களா? பல துணுக்குகளில் எழுத்து இருக்கும். பாதியில் அறுந்த ஒரு வாக்கியம், ஒரு கணக்கின் விடை மட்டும், ஏதோ ஒரு பிள்ளையின் கோணல் கையெழுத்து, சிவப்பு மையில் ஆசிரியர் போட்ட சரிக்குறி. சிவகாசி, சாத்தூர், விருதுநகர் வட்டாரத்தில் பழைய புத்தகம் தேடி அலைகிறவர் முதலில் மனத்தில் இருத்த வேண்டிய செய்தி இது. மற்ற ஊர்களில் பழைய தாளுக்குப் பொட்டலம் மடிக்கிறவர்களும் அட்டை ஆலைகளும்தான் போட்டி. இங்கே பட்டாசும் போட்டிக்கு வருகிறது.

பட்டாசுக்குத் தாள் ஏன்? மருந்தைத் திறந்தவெளியில் எரித்தால் பளிச்சென்று எரிந்து புகையாகிவிடும். பெரிய சத்தம் வராது. பொட்டாசியம் நைட்ரேட் ஆக்சிஜனைக் கொடுக்க, அலுமினியத் தூளும் கந்தகமும் எரிந்து, நொடியில் ஒரு சிறு பகுதிக்குள் கடும் வெப்பத்தையும் வாயுவையும் உண்டாக்குகின்றன. அந்த வாயுவை வெளியே விடாமல் இறுக்கிப் பிடிப்பது, பசை தடவிச் சுற்றுச்சுற்றாகச் சுருட்டிய காகிதக் குழாய். அழுத்தம் ஏறி, தாள் தாங்கும் அளவைத் தாண்டும் கணத்தில் குழாய் கிழிகிறது. அடைபட்டிருந்த வாயு ஒரே வீச்சில் பாய்ந்து காற்றில் அதிர்வலை எழுப்புகிறது. நம் காதில் விழுவது அதுதான். ஆகவே வெடிச்சத்தத்தில் பெரும்பங்கு தாளுடையது. நைந்த தாள் இதற்கு உதவாது, சுருட்டும்போதே ஒடிந்துவிடும். நார் நாராகப் பிணைந்து உறுதியாக இருக்கும் தாள்தான் வேண்டும். படிக்கத் தாங்கும் தாளும் வெடிக்கத் தாங்கும் தாளும் ஒன்றாக இருப்பதுதான் சிக்கல்.

பேர்பெற்ற எழுத்தாளரின் நூல், பழைய தாளாகிப் பட்டாசுக்குப் போகும் இந்தப் பயணத்தில் எப்படியும் தப்பிவிடும். ஒரு பிரதி போனால் இன்னொன்று எங்காவது இருக்கும். 1954ஆம் ஆண்டுச் சட்டப்படி, இந்தியாவில் வெளியாகும் நூல்களைப் பதிப்பாளர்கள் கல்கத்தா தேசிய நூலகத்துக்கும் சென்னை கன்னிமாரா உள்ளிட்ட நூலகங்களுக்கும் அனுப்பிவைக்க வேண்டும். தப்பாதவை வேறு வகை. பள்ளிக்கூடத்தின் வெள்ளிவிழா மலர், கோயில் குடமுழுக்கு மலர், பொதுக்காரியத்துக்கென்று வணிகர்கள் கொடுத்த மகமைக்கு உறவின்முறை அச்சிட்ட கணக்கு அறிக்கை, அறுபதாம் கல்யாணத்துக்குப் பிள்ளைகள் அச்சிட்ட சிறு புத்தகம், அம்மா இறந்த வருடத்தில் உறவுகளுக்குக் கொடுத்த நினைவு மலர். விலை போடாதவை இவை. ஊருக்குள் மட்டும் கைமாறியவை. கிராமத்தில் வாழ்ந்த ஒரு குடும்பப் பெண்ணின் வாழ்க்கை முதன்முதலாக அச்சில் ஏறுவது பல நேரங்களில் அவள் இறந்த பிறகு வரும் அந்த மலரில்தான். பிறந்த ஊர், வாக்கப்பட்ட ஊர், பெற்றதும் பறிகொடுத்ததும், பஞ்ச காலத்தில் அவள் வீட்டைக் கட்டிக்காத்த விதம், அவள் கைப்பக்குவம் ஒன்று. எந்த வரலாற்று நூலிலும் இல்லாத ஊர்ச் செய்திகள் அந்த நாலைந்து பக்கங்களில் கிடைக்கும்.

அச்சிட்டதை மட்டும் தேடினாலும் போதாது. மொய் நோட்டை எடுத்துக்கொள்ளுங்கள். ஊர்ப் பெயர், ஆள் பெயர், தொகை. அவ்வளவுதான் அதில் இருக்கும். ஆனால் ஒரே வீட்டின் முப்பது, நாற்பது வருட மொய் நோட்டுகளை வரிசையாக வைத்துப் பார்த்தால், எந்தெந்த ஊர்களோடு கொண்டு கொடுத்தார்கள், எந்தக் குடும்பம் எப்போது பம்பாய்க்குப் போனது, மழை பொய்த்த வருடத்தில் தொகை எப்படிச் சுருங்கியது, பித்தளைக் குடமும் அண்டாவும் எப்போது ரூபாயாக மாறின என்பதெல்லாம் தெரியவரும். நோட்டில் எழுதுவது யாராக இருந்தாலும், “அவுக நம்ம வீட்டுக்கு இவ்வளவு செஞ்சாக” என்று நினைவில் வைத்திருப்பவர் பெரும்பாலும் வீட்டம்மாதான். நோட்டுக்கு உரை அவரிடம் இருக்கிறது.

இன்னொன்று காலண்டர். சிவகாசி அச்சகங்கள் ஆடிப்பெருக்கன்று அடுத்த வருடக் காலண்டர் ஆல்பங்களை வெளியிடும். அங்கிருந்து கிளம்பி, ஏதோ ஒரு நகைக்கடையின் பெயரையோ மளிகைக்கடையின் பெயரையோ தாங்கிக்கொண்டு அடுப்படிச் சுவரில் வந்து தொங்கும் மாதக் காலண்டர்தான் எத்தனையோ பெண்களின் நாட்குறிப்பு. பால் வராத நாள், சிலிண்டர் மாற்றிய நாள், சீட்டுப் பணம் கட்டிய நாள், ஆடு குட்டி போட்ட நாள், யாருக்கும் விளக்கம் சொல்லாத ஒரு சிறு புள்ளி. வருடம் முடிந்ததும் ஆணியிலிருந்து கழற்றிப் பழைய பேப்பரோடு சேர்த்துவிடுவார்கள். ஒரு வீட்டின் பத்து வருடக் காலண்டர்கள் ஒன்றாகக் கிடைத்தால் அதை ஓர் ஆவணக் காப்பகம் என்றே நான் சொல்வேன்.

இந்த வட்டாரத்தின் வரலாறே அடுப்படியிலிருந்து தொடங்குகிறது என்று சொன்னால் மிகையில்லை. 1923இல் விருதுபட்டி என்ற பெயர் விருதுநகர் ஆனது. அதற்கும் முன்பே, 1889இல், அங்கே சத்திரிய வித்தியாசாலை தொடங்கப்பட்டது. வணிகர்களின் மகமையோடு, வீட்டுப் பெண்கள் உலை வைக்கும்போது எடுத்துப்போட்ட பிடி அரிசியும் அந்தக் கல்விக்கு உதவியது. காமராசர் படித்த பள்ளி அது. மகமைக்குக் கணக்கேடு இருந்தது, தலைவர்கள் பெயர் கல்வெட்டில் இருக்கிறது. பிடி அரிசி போட்ட கைகளின் பெயர்களைத் தேடினால் வீட்டுப் பேச்சிலும் இப்படிப்பட்ட மலர்களின் ஓரத்திலும்தான் தேட வேண்டும். சிவகாசியிலும் இதே கதை. 1922இல் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா சென்று தீப்பெட்டித் தொழில் கற்றுவந்தது ஊரறிந்த செய்தி. அந்தத் தொழில் திண்ணை திண்ணையாகப் பரவியபோது, கணக்கெடுப்பில் வெறும் ‘குடும்பத் தலைவி’ என்று பதிவான பெண்கள் பிள்ளைக்குப் பால் கொடுத்துக்கொண்டே பெட்டி ஒட்டினார்கள், குச்சி அடுக்கினார்கள், பிறகு பட்டாசுக்குக் குழாய் சுருட்டினார்கள், சரம் பின்னினார்கள். இவர்களுடைய நினைவுகள் இல்லாமல் எழுதப்படும் சிவகாசி வரலாறு அரைகுறையானது. எத்தனை பேர், எந்த வயதில், என்ன கூலிக்கு, எந்த விபத்துக்குப் பிறகு எப்படிப் பிழைத்தார்கள் என்பது அவர்களுக்குத்தான் தெரியும்.

இப்படிப்பட்ட நினைவுகளைத் தாளுக்குக் கொண்டுவந்தவர்களும் உண்டு. வத்திராயிருப்புக்கு அருகில் உள்ள புதுப்பட்டியில் பிறந்த பாமா 1992இல் ‘கருக்கு’ எழுதினார், 1994இல் ‘சங்கதி’. பின்னது ஊர்ப் பெண்கள் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்ட சம்பவங்களாலேயே கட்டப்பட்ட நூல். இடைசெவல் கி. ராஜநாராயணன் கரிசல் பேச்சைத் திரட்டிச் சொல்லகராதியாக்கினார். பேச்சாகவே போயிருக்க வேண்டியவை தாளுக்கு வந்து சேர்ந்ததால்தான் இவை நம் கையில் இருக்கின்றன. வை.மு. கோதைநாயகி அம்மாளை நினைத்துப் பாருங்கள். 1925இல் ‘ஜகன்மோகினி’யை ஏற்று நடத்தி நூற்றுக்கும் மேற்பட்ட நாவல்கள் எழுதிய அவர், தன் முதல் படைப்பான நாடகத்தைத் தானே எழுதும் பழக்கமில்லாமல் தோழி பட்டம்மாளிடம் வாயால் சொல்லி எழுதவைத்தார். வங்கத்தில் ராஸ்சுந்தரி தேவி, கணவர் வீட்டிலிருந்த ‘சைதன்ய பாகவதம்’ நூலின் ஓர் ஏட்டைக் கழற்றி அடுப்படியில் ஒளித்துவைத்து, மகன் எழுதிய ஓலையோடு ஒப்பிட்டுத் திருட்டுத்தனமாக எழுத்துக் கற்றார். பத்தொன்பதாம் நூற்றாண்டில் அச்சேறிய அவருடைய ‘அமார் ஜீபன்’தான் வங்க மொழியின் முதல் தன்வரலாறு. ஒரு குடும்பப் பெண்ணின் கைக்கு வந்து சேர்ந்த ஒரே ஒரு தாள் செய்த வேலை அது.

இனி அந்தத் தாளைப் பற்றிப் பேச வேண்டும். இங்கேதான் எனக்கு ஆச்சரியமும் வருத்தமும் ஒருசேர வருகின்றன.

தாளின் உறுதி செல்லுலோஸ் என்ற பொருளால் வருகிறது. ஆயிரக்கணக்கான குளுக்கோஸ் மூலக்கூறுகளைப் பூச்சரம்போல ஒன்றோடொன்று தொடுத்தது அது. பக்கத்துப் பக்கத்துச் சரங்கள் ஹைட்ரஜன் பிணைப்பால் பற்றிக்கொண்டு நாராகின்றன. நார்கள் பின்னித் தாளாகின்றன. கரிசலில் விளையும் பஞ்சு ஏறத்தாழ முழுக்கச் செல்லுலோஸ்தான். பழைய காலத்தில் கந்தல் துணியை ஊறவைத்து இடித்துச் செய்த தாள் முந்நூறு, நானூறு வருடம் கழித்தும் வெளுப்பும் வளைவும் மாறாமல் இருப்பதற்குக் காரணம் அதுவே. உலகம் முழுக்கப் படிக்கத் தொடங்கியபோது கந்தல் போதவில்லை. 1840களில் ஜெர்மனியின் கெல்லர் மரத்தை அரைத்துக் கூழாக்கும் வழியைக் கண்டுபிடித்தார். மரத்தில் செல்லுலோஸோடு லிக்னின் என்ற பொருளும் உண்டு. வெளிச்சமும் காற்றும் பட்டால் அது மஞ்சளாகும், பிறகு பழுப்பாகும். வெயிலில் கிடந்த செய்தித்தாளில் இதை ஒரே நாளில் பார்க்கலாம்.

அதைவிடப் பெரிய கேடு படிகாரத்திலிருந்து வந்தது. எழுதும்போது மை ஊறிப் பரவாமலிருக்க 1807இல் மோரிட்ஸ் இல்லிக் ஒரு வழி சொன்னார்: கூழிலேயே மரப்பிசினையும் படிகாரத்தையும் கலந்துவிடுவது. மலிவு, எளிது, உலகமே ஏற்றுக்கொண்டது. ஆனால் படிகாரம் தாளுக்குள்ளேயே காற்றின் ஈரத்தோடு சேர்ந்து அமிலத்தைத் தருகிறது. அமிலம் செல்லுலோஸ் சங்கிலியை நடுநடுவே அறுக்கிறது. அறுபடும் தாளிலிருந்து மேலும் அமிலங்கள் பிறக்கின்றன. அவை மேலும் அறுக்கின்றன. ஆயிரக்கணக்கில் இருந்த தொடர்ச்சி சில நூறாகக் குறையும்போது, மடித்த மூலை கையோடு வந்துவிடுகிறது. அமெரிக்காவில் வில்லியம் பாரோ, 1900க்கும் 1949க்கும் இடையில் அச்சான 500 நூல்களின் தாளைச் சோதித்தார். அவற்றில் ஆகப் பெரும்பாலானவை இன்னும் ஐம்பது வருடம்கூடத் தாங்காது என்று 1950களின் இறுதியில் அவர் சொன்னதைக் கேட்டு நூலகங்கள் அதிர்ந்தன. 1980களுக்குப் பிறகுதான் படிகாரத்தை விட்டு, சுண்ணாம்புச் சத்து கலந்த அமிலமற்ற தாளுக்கு உலகம் மெல்ல மாறியது.

இப்போது இரண்டு காலங்களைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். தாளின் வரலாற்றில் மிக மோசமான காலம் பத்தொன்பதாம் நூற்றாண்டின் பின்பகுதியிலிருந்து 1980கள் வரை. இந்தியப் பெண்கள் படிக்கத் தொடங்கிய காலமும் அதுவே. 1951 கணக்கெடுப்பில் நாட்டின் பெண்களில் எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள் நூற்றுக்கு ஒன்பது பேருக்கும் குறைவு. அடுத்த முப்பது வருடங்களில் முதல் தலைமுறையாகப் பள்ளிக்கூடம் கண்ட கிராமத்துப் பெண்கள் கையில் கிடைத்தது எது? மலிவான நோட்டு, செய்தித்தாள் ரகத் தாளில் அச்சான தொடர்கதை, விழா மலர். அவர்களுடைய முதல் எழுத்து மிகக் குறைந்த ஆயுள் கொண்ட தாளில் விழுந்தது. அரசர்களின் செப்பேடு ஆயிரம் வருடம் கழித்தும் கிடைக்கிறது. 1965இல் ஒரு சாத்தூர் அம்மா எழுதிய நோட்டு இப்போதே உதிர்கிறது. அதனால்தான் இந்தத் தேடலுக்கு இவ்வளவு அவசரம் என்கிறேன்.

அச்செழுத்தைப் பற்றிக் கவலை வேண்டாம். அச்சு மையின் கருமை பெரும்பாலும் கரி. அது எளிதில் மங்காது. சாவது அதைத் தாங்கும் தாள்தான்.

பழைய புத்தகத்தைத் திறந்ததும் வரும் மணத்தை விரும்பாத வாசகர் உண்டா? அந்த மணமே தாள் சிதைவதன் அறிக்கை. லிக்னின் உடையும்போது வெனிலின் வருகிறது, இனிப்பு வாசம் அதனால். செல்லுலோஸ் சிதையும்போது பாதாம் வாசமுள்ள ஃபர்ஃபுரால் வருகிறது. புளித்த நெடி அசிட்டிக் அமிலத்தினுடையது. மத்தியா ஸ்ட்ர்லிச்சும் அவரது குழுவினரும் 2009இல் வெளியிட்ட ஆய்வில், இந்த ஆவிகளை அளந்தே தாளின் நிலையைக் கணிக்க முடியும் என்று காட்டினார்கள். புத்தகத்தைக் கிள்ளியோ கிழித்தோ பார்க்கத் தேவையில்லை.

கரிசல் பூமி இந்தத் தாளுக்கு நல்லதா, கெட்டதா? இரண்டும்தான். மேற்குத் தொடர்ச்சி மலையின் மழை மறைவில் கிடக்கும் நிலம் இது; மழை முக்கியமாக ஐப்பசி, கார்த்திகையில். மற்ற மாதங்களின் வறட்சியை நம்பித்தான் தீப்பெட்டியும் பட்டாசும் இங்கே வேரூன்றின. ஈரக்காற்றில் மருந்து காயாது, குச்சி உலராது. அதே வறட்சி புத்தகத்துக்கும் காவல். காற்றின் ஈரப்பதம் நூற்றுக்கு அறுபத்தைந்து, எழுபதைத் தாண்டினால்தான் பூஞ்சணம் தழைக்கும். கடலோர ஊர்களில் பீரோவுக்குள்ளேயே பூத்துவிடும் புத்தகம் சிவகாசியின் பரணில் பிழைத்திருக்கும். ஈரப்பதம் பாதியானால் தாளின் ஆயுள் ஏறத்தாழ இரட்டிப்பாகும் என்பது பாதுகாப்பு அறிவியலின் தோராயக் கணக்கு. ஆனால் அதே கணக்கு, வெப்பம் ஐந்தாறு டிகிரி கூடினால் ஆயுள் பாதியாகும் என்றும் சொல்கிறது. சித்திரை வெயிலில் ஓட்டுக்குக் கீழே இருக்கும் பரண் எப்படிக் கொதிக்கும் என்பதை நான் விளக்க வேண்டியதில்லை. பூஞ்சணத்திலிருந்து தப்பிய தாள் சூட்டில் மொறுமொறுப்பாகி உதிர்கிறது. பரணிலிருந்து இறக்கி, வெயில் படாத உள்ளறையில், தரைக்குச் சற்று மேலே, காற்றோட்டமுள்ள மர அலமாரியில் வைத்தாலே ஒரு புத்தகத்துக்குப் பல வருடங்களைக் கொடுத்துவிடலாம்.

பூச்சிகள் விஷயத்தில் நம் வீட்டுப் பெண்களுக்கு ஏற்கெனவே தெரிந்தது அதிகம். அரிசிப் பானையிலும் பட்டுப் புடவை மடிப்பிலும் வசம்பு போட்டவர்கள் அவர்கள். வசம்பு எண்ணெயில் உள்ள அசரோன் பூச்சிகளை விரட்டுவதோடு அவற்றின் இனப்பெருக்கத்தையும் கெடுக்கிறது. ராமபாணப் பூச்சி தேடி வருவது பெரும்பாலும் பசையின் மாவுச்சத்தை. பைண்டிங் பசையில் மயில்துத்தம் கலப்பது அதைத் தடுக்கத்தான். ஆனால் மயில்துத்தத்தின் செம்பு நாளடைவில் தாளின் சிதைவை விரைவாக்கும். பழைய புத்தகத்துக்குப் புதிதாகப் பசை போடுகிறவர்கள் அதைத் தவிர்ப்பது நல்லது. உள்ளே புழு துளைத்துக்கொண்டிருக்கும் புத்தகம் கிடைத்தால், பாலித்தீன் பையில் காற்றுப் புகாமல் கட்டி ஃப்ரீசரில் இரண்டு வாரம் வைத்தால் முட்டை உட்பட அழிந்துவிடும். வெளியே எடுத்த பிறகு பையை உடனே பிரிக்கக் கூடாது. அறையின் சூட்டுக்கு வந்த பிறகே பிரிக்க வேண்டும், இல்லாவிட்டால் தாளில் நீர் கோத்துக்கொள்ளும். துருப்பிடித்த குண்டூசியையும் ஸ்டேப்ளரையும் மெதுவாகக் கழற்றிவிடுங்கள். செல்லோ டேப் மட்டும் வேண்டவே வேண்டாம். லேமினேஷன் அதைவிட மோசம்: அமிலத்தைத் தாளோடு சேர்த்துச் சிறைவைப்பது அது, பிறகு பிரிக்கவும் வராது.

இதையெல்லாம் ஒரு தனிமனிதர் செய்ய முடியுமா என்று தயங்குகிறவர்களுக்குக் கோட்டையூர் ரோஜா முத்தையாவைச் சொல்வேன். பெயர்ப்பலகை எழுதும் ஓவியர் அவர். 1950 வாக்கில் தொடங்கி, நூல்களோடு நாடக நோட்டீஸ், கல்யாணப் பத்திரிகை என்று மற்றவர்கள் எறிந்தவற்றையும் சேர்த்தார். 1992இல் அவர் மறைந்தபோது ஏறத்தாழ ஐம்பதாயிரம் நூல்கள் இருந்தன. 1994இல் சிகாகோ பல்கலைக்கழகம் அதை வாங்கி, தமிழ்நாட்டிலேயே விட்டுவைத்தது. இன்று சென்னையில் இயங்கும் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் அப்படி உருவானது. புதுக்கோட்டையில் பா. கிருஷ்ணமூர்த்தியும் டோரதி கிருஷ்ணமூர்த்தியும் தங்கள் சொந்த முயற்சியில் வளர்த்த ஞானாலயாவில் லட்சத்துக்கும் மேற்பட்ட நூல்கள் உள்ளன. பெண்களின் வாழ்க்கைக்கென்றே சி.எஸ். லட்சுமி, நம் எழுத்தாளர் அம்பை, 1988இல் மும்பையில் தோழிகளோடு தொடங்கிய ஸ்பாரோ காப்பகம் குரலையும் படத்தையும் கடிதத்தையும் சேர்க்கிறது. கரிசலுக்கென்று ஒன்று வேண்டும். அது பழைய பேப்பர் கடைத் தராசுக்குப் பக்கத்திலிருந்துதான் தொடங்க முடியும். கடைக்காரரிடம் முன்கூட்டிச் சொல்லிவைத்து, எடைக்குக் கொஞ்சம் கூடுதலாகக் கொடுத்தால் போதும். மலர், மொய் நோட்டு, காலண்டர், கையெழுத்துச் சமையல் குறிப்பு வந்தால் அவர் தனியே எடுத்துவைப்பார். பேரீச்சம்பழத்துக்குப் போடும் வீடுகளும் கேட்டால் கொடுக்கும்.

வாங்கியதும் செய்ய வேண்டிய முதல் வேலை, அது எங்கிருந்து வந்தது என்று எழுதிவைப்பது. எந்த ஊர், எந்தத் தெரு, எந்த வருடத்துப் பொருள்களோடு சேர்ந்து வந்தது. வீட்டுக்காரர் சம்மதித்தால் யாருடையது என்றும் எழுதலாம். சம்மதிக்காவிட்டால், உயிரோடு இருப்பவர்களின் அந்தரங்கம் அந்தக் காலண்டர் புள்ளியில்கூட இருக்கிறது என்பதை மதித்து விட்டுவிட வேண்டும். நினைவு மலரில் இருக்கும் குழுப் படத்தை அந்த ஊரின் மூத்த அம்மா ஒருவரிடம் காட்டி, நிற்பவர்கள் யார் யார் என்று கேட்டுக் குறியுங்கள். அச்சில் ‘குடும்பத்தினருடன்’ என்று மட்டும் இருக்கும் வரிசையில் ஒவ்வொருத்திக்கும் பெயர் கிடைக்கும், சில சமயம் பட்டப்பெயரும். பேனா வேண்டாம், மை ஊறும், நிறம் மாறும், சிலவகை மை தாளையே அரிக்கும். மெத்தென்ற பென்சில் போதும். கிராஃபைட் வெறும் கார்பன். அது தாளோடு வினைபுரியாது, வெளுக்காது, தண்ணீர் பட்டாலும் கரையாது. கடைசிப் பக்கத்தின் உள்மூலையில், அழுத்தாமல், அவர் சொல்கிறபடியே எழுதிக்கொள்ளுங்கள்.